கிணறு இல்லாத தோட்டம்

கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வந்த மச்சினன் சின்னச்சாமி ஊருக்குத் திரும்பியதிலிருந்து வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். நடந்தது இதுதான். சட்டையும் கோட்டும் போட்டவர்கள், இங்கிலீஷ் பேப்பர் படித்தவர்கள், எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குத் தலை குனிந்து நின்றார்கள். நான் நடுத்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். புளிச்சோறு, கொள்ளுத் துவையல். சின்னச்சாமி அந்த வாசனைக்கே எழுந்து ஓடினான். அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது இரண்டு வருஷம். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு எருமைக்குப் புல் அறுத்தேன். பன்னிரண்டு வயதில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் சுற்றப் போனவன், முப்பத்தைந்து வயதில் சொந்தக் கொட்டகையில் சொந்த மிஷின் ஓட்டினேன். மிஷின் நின்றால் காதை வைத்துக் கேட்டே எந்த ஊசி முறிந்தது என்று சொல்வேன். கோயமுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்படிப்பட்ட நான் கடல் தாண்டி இலங்கைக்குப் போனது வியாபாரத்துக்கு இல்லை. பெண்ணுக்கு வீடு பார்க்க.

இரண்டாவது மகள் சரசுவதிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பூர்வீகம் கணியூர்ப் பக்கம். தாத்தா காலத்தில் இலங்கை மலைக்குப் பிழைக்கப் போன நம்ம சனம். தாத்தா கூலி ஆட்களுக்குத் தலைவராக, அங்கே சொல்கிற மாதிரி கங்காணியாக இருந்தாராம். அவர் மகன், கடைசி வெள்ளைக்கார துரை கிளம்பும்போது அந்தத் தோட்டத்தையும் பங்களாவையும் வாங்கிவிட்டாராம். இப்போது அவரும் இல்லை. விதவைத் தாயும் ஒரே மகனும். சம்பந்தம் கொண்டுவந்தவர், "முன்னூறு ஏக்கர் தோட்டமுங்க" என்றார். மங்கலத்தில் ஒரு காதுகுத்து வீட்டில், சனம் எல்லாம் கூடியிருந்த பந்தலில் வைத்துச் சொன்னார். எனக்கு மார்பு விரிந்துவிட்டது. "குடுத்துட்டேன் போங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி ருக்குமணி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"முன்னூறு ஏக்கர் தோட்டத்துக்கு எத்தனை கெணறுங்க?" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கிணறு உள்ள நிலத்துக்குத்தான் தோட்டம் என்று பெயர். கிணறு இல்லாமல் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற நிலம் காடு. காட்டைத் தோட்டம் என்று சொல்கிறவன் கழுதையைக் காளை என்று விற்கிறவன்.

ருக்குமணி வெள்ளகோவில்காரி. குடத்தைச் சுமந்து சுமந்து அவள் இடுப்பெலும்பின் மேல் தோல் காய்த்துப்போயிருக்கிறது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. எங்கள் மூத்த மகளைக் காங்கயம் பக்கம் கொடுத்தபோது நான் வீட்டை மட்டும் பார்த்தேன். பர்மாத் தேக்குத் தூண், சீமை ஓடு, வாசலில் பூட்டின வில்வண்டி. கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த சித்திரையில் கிணறு வற்றியது. என் மகள் அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. பின்னால் நானே ஆள் விட்டுப் பாறையை உடைத்து அந்தக் கிணற்றில் தண்ணீர் பார்த்தேன் என்பது வேறு கதை. ஆனால் அந்த இரண்டு வருஷம் ருக்குமணி என்னோடு சிரித்துப் பேசவில்லை.

"போய்ப் பாருங்க. எட்டிப் பாருங்க, கல்லைப் போட்டுப் பாருங்க. கயிறு எத்தனை பாகம் எறங்குதுன்னு அளந்துபோட்டு வாங்க. பொறகு பேசிக்கலாம்."

"சனத்துக்கு முன்னால வாக்குக் குடுத்துட்டனே?"

"அப்ப நீங்களே போய் வாக்கப்படுங்க. என்ற பொண்ணு போகமாட்டா."

அப்படித்தான் நான் கப்பல் ஏறினேன். சின்னச்சாமியைத் துணைக்கு அனுப்பியது அவள்தான். நான் தனியே போனால் மறுபடியும் தூணைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று.

அக்கரையில் முதல் நாள் சாப்பாடு ஒரு சின்னக் கடையில். இடியாப்பம், தேங்காய்ப் பால் சொதி, சிவப்பாக ஒரு சம்பல். சம்பல் காரமாக, நாக்கில் ஒட்டிக்கொண்டு நன்றாக இருந்தது. மூன்று தடவை கேட்டு வாங்கினேன். நாலாவது தடவை வாங்கும்போது சின்னச்சாமி கடைக்காரரிடம், "இதுல என்னங்க போடுவீங்க?" என்றான். "மாசி" என்றார் அவர். மாசி என்றால் காயவைத்த மீன். அன்றைக்குக் கிருத்திகை. நான் பதினைந்து வயதிலிருந்து ஒரு கிருத்திகை தவறவிட்டதில்லை.

"ஏனுங் மச்சான், முருகன் கடல் தாண்டி வரமாட்டாருங்க. பயப்படாதீங்க" என்றான் சின்னச்சாமி.

"கதிர்காமத்துல இருக்கறது யாருடா, உன்ற தாத்தனா?" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு தெற்கே திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

ரயிலில் எதிரே இரண்டு சிங்களப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "இந்தப் பெரியவர் தூக்கத்திலும் யாரையோ வேலை வாங்குகிறார், பாவம் அவர் வீட்டு ஆட்கள், என்கிறார்கள்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாஷை தெரியாதவர்கள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்களே, நான் முதலாளி என்று.

இரண்டாம் நாள் மலை ஏறுகிற பஸ். எங்கள் ஊர்ப் பஸ் மேட்டில் திணறினால் இறங்கித் தள்ளுவோம். அங்கே ஒருவரும் தள்ளவில்லை. நடத்துநர் இரண்டு பெரிய கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே நடந்து வந்தார். பஸ் நின்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுவார். கிளம்பினால் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். ஒரு வளைவில் கட்டையைப் போட மறந்தாரோ, வழுக்கியதோ, பஸ் பின்னால் வர ஆரம்பித்தது. பஸ் முழுக்க ஒரே அலறல். நான் அலறவில்லை, "முருகா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. அதற்கு மேல் வண்டி வராது என்றார்கள்.

மீதி இரண்டு மைல் நடந்தோம். வழியெல்லாம் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னச்சாமி ஒவ்வொன்றுக்கும் நின்று முகம் கழுவினான். "எத்தனை தண்ணி பாருங்க மச்சான்!" என்றான். நான் அதற்கெல்லாம் மயங்குகிறவன் இல்லை. காவிரியில்கூடத் தண்ணீர் ஓடுகிறது. அதனால் காங்கயத்தில் யாருடைய குடம் நிறைந்தது? ஓடுகிற தண்ணீர் வேறு, வீட்டுத் தண்ணீர் வேறு. அட்டைப் பூச்சிகள் இரண்டு பேர் காலிலும் ஏறி ரத்தம் குடித்தன. போய்ச் சேர்ந்தபோது வேட்டி சிவப்பாக இருந்தது. பெண்ணுக்கு வீடு பார்க்கப் போகிறவன் சண்டையிலிருந்து வருகிறவன் மாதிரி வாசலில் நின்றேன்.

வாசலில் வந்து நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மாப்பிள்ளையின் தாய், நாச்சம்மாள். "வாங்க வாங்க, அய்யோ சாமி, கால்ல ரத்தமுங்க. உப்புக் கொண்டாடா தண்டபாணி" என்றார். கடல் கடந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்த வீட்டில் 'ங்க' போகவில்லை. மனதுக்குள் ஒரு குறி போட்டுக்கொண்டேன். தண்டபாணி, அதாவது மாப்பிள்ளைப் பையன், தானே உப்பை எடுத்துவந்து குனிந்து என் காலில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தான். இன்னொரு குறி.

மூன்றாம் நாள் காலையில் வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். கட்டடம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். என் கொட்டகைக்கு அஸ்திவாரம் போட்டபோது மேஸ்திரிக்கு மூலைமட்டம் சொல்லிக் கொடுத்ததே நான்தான். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நீள வீடு, சிவப்புத் தகரக் கூரை. உள்ளே போனால் அது மூன்று வீடு. நடுவீடுதான் ஆதி. கருங்கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய சுவர், இரண்டு முழம் கனம். வாசல் நிலை அவ்வளவு தாழ்வு, நானே குனிய வேண்டியிருந்தது. மேலே உத்தரத்தில் கோடாலி வெட்டு அப்படியே தெரிந்தது, இழைப்புளி படவில்லை. வலது பக்கம் பிற்பாடு கட்டியது. ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத உயரத்தில் பலகை மச்சு, வெளியே பிதுங்கி நிற்கும் கண்ணாடி ஜன்னல், தரையெல்லாம் மரம். நடந்தால் மத்தளம் மாதிரிச் சத்தம். கூடத்தின் நடுச்சுவரில் ஒரு அடுப்பு! குளிருக்காம். இடது பக்கம் கடைசியாகக் கட்டியது. செங்கல், சின்னச் சின்ன அறை, ஒரு சாமான் வீணில்லை.

"நடுவூடு கஷ்டப்பட்டவன் கட்டினது. வலது பக்கம் பணத்தைப் பாத்தவன் கட்டினது. இடது பக்கம் பணத்தை எண்ணிப் பாத்தவன் கட்டினது. சரிங்களா?" என்றேன்.

தண்டபாணி அசந்துபோனான். "சரிங்க மாமா. முதல்ல வந்த துரை காட்டை வெட்டிக் காப்பி போட்டாருங்க. வலது பக்கம் காப்பி நல்லா வெளைஞ்ச காலத்துல. அப்புறம் காப்பிச் செடிக்கு நோவு வந்து மலையே பட்டுப்போச்சுங்க. அவர் போயிட்டாரு. தேயிலை போட்ட துரை கட்டினது இடது பக்கம்."

கூடத்தில் இருந்த நாற்காலிகளின் கால்கள் முண்டும் முடிச்சுமாக இருந்தன. பட்டுப்போன காப்பிச் செடியைப் பிடுங்கி, அந்த வேரடிக் கட்டையில் செய்ததாம். செத்த வெள்ளாமையில் உட்கார நாற்காலி செய்திருக்கிறான் வெள்ளைக்காரன். எங்கள் பக்கத்தில் பருத்தி பட்டுப்போனால் அடுப்புக்குத்தான் போகும். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு முன்னால் பெரிய சிமெண்டுத் தரை, ஓரமெல்லாம் ரோஜாத் தொட்டி. "இது களந்தானுங்களே?" என்றேன். காப்பிக்கொட்டை காயவைத்த களமேதான். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. களத்துக்கு வாட்டம் எந்தப் பக்கம் கொடுப்பார்கள் என்று தெரிந்தவன் நான்.

நடுவீட்டுப் பழைய சமையலறையில் மட்டும் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. தரையில் ஒரு வரிசைக் கல் மற்றக் கல்லைவிடச் சில்லென்று இருந்தது. அதன்மேல் பால் சட்டிகளை வைத்திருந்தார்கள். மலைக் குளிர் என்று விட்டுவிட்டேன்.

மாட்டுத் தொழுவம் பார்த்தேன். இரண்டு பசு, நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். வீட்டைச் சுற்றி மூன்று தடவை வந்தேன். பின்பக்கம் செடியும் சேறும் சறுக்கலுமாக இருந்ததால் எட்டத்தில் நின்றே பார்த்தேன். எங்கேயும் கிணறு இல்லை.

மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "தம்பி, தோட்டத்துல கெணறு எத்தனைங்க?"

தண்டபாணி சோற்றைப் பிசைந்தபடியே, "கெணறுங்களா மாமா? கெணறு ஒண்ணும் இல்லீங்க" என்றான்.

"ஒண்ணுமா?"

"இல்லீங்க. பீலி இருக்குதுங்க."

என் கையில் இருந்த உருண்டை இலையில் விழுந்தது. பீலி என்றால் எங்களுக்கு மயில் பீலி. காவடியில் கட்டுவோம், பூசையில் வைப்போம். தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டால் மயிலிறகு இருக்கிறது என்கிறான் பையன்! நம்ம சனத்தில் பக்தி உண்டுதான். ஆனால் சாமி படத்துக்கு விசிறினால் குடம் நிறையுமா?

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் தலையில் தகர டின்னில் தண்ணீர் தளும்ப மேட்டில் ஏறிப் போனாள். சின்னச்சாமி என் தொடையைக் கிள்ளினான்.

"காட்டைத் தோட்டம்னு சொல்லிப்போட்டாங்க மச்சான்" என்று காதில் ஊதினான். "அக்கா கிட்ட என்ன சொல்லப் போறீங்க? மயிலெறகு இருக்குதுன்னா?"

நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். மோர் ஊற்றும்போது நாச்சம்மாள், "சோறு சரியில்லீங்களாண்ணா?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. மகனைப் பார்த்தார், மகன் தாயைப் பார்த்தான். நான் மனதில் முடிவு செய்துவிட்டேன். சனத்துக்கு முன்னால் என் மூக்கு அறுபடட்டும். இரண்டாவது மகளையும் குடம் சுமக்க அனுப்ப மாட்டேன். சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். ஆனால் நல்ல மனிதர்கள், அட்டை எடுத்துவிட்ட கை. எப்படிச் சொல்வது?

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தத்தில் பேச்சே கேட்காது. எனக்கு வசதியாகப் போயிற்று. காப்பிக்கட்டை நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவேண்டிய வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மழை நின்றது. சத்தம் நிற்கவில்லை. வந்ததிலிருந்து மலை அருவிச் சத்தம் என்று நான் விட்டுவிட்டது, வீட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர் கொட்டுகிற சத்தம். எவனோ குழாயைத் திறந்துபோட்டுப் போய்விட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன். மூடுவார் இல்லை. வறண்ட காட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. பிள்ளை அழுதால் தாய் எழுந்திருக்கிற மாதிரி உடம்பு தானாக எழுந்துவிடும். பெண் கொடுக்காத வீடாக இருந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே? எழுந்து நடுவீட்டுக்குள் குனிந்து நுழைந்து பின்வாசலுக்குப் போனேன்.

பின்சுவரை ஒட்டிச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்தொட்டி. அதன்மேல் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல் மூக்கு. அதிலிருந்து என் கை மணிக்கட்டு கனத்துக்குத் தண்ணீர் விழுந்து, தொட்டி நிறைந்து, வழிந்து போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட தண்ணீர்! மூடுகிற திருகு எங்கே என்று தேடினேன். இல்லை. சுற்றிலும் தடவிப் பார்த்தேன், இல்லை. கையை வைத்து அடைத்தேன். முகத்தில் பீச்சியடித்தது. தோளில் இருந்த துண்டைச் சுருட்டி அந்த மூக்கில் திணித்து, முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றேன். தண்ணீர் நின்றது. நான் நினைத்தால் எதையும் நிறுத்துவேன்.

உள்ளே சமையலறையில் "ஐயோ" என்று ஒரு சத்தம். அந்த வீட்டுச் சமையற்காரர், எழுபது வயதுக்கு மேலே, எல்லோரும் அப்பு என்று கூப்பிடுகிறவர், முழங்கால் வரை நனைந்து வெளியே ஓடிவந்தார்.

"யார்ரா அது பீலிய அடைச்சது? தரையெல்லாம் பொங்குதுடா!"

பின்னாலேயே நாச்சம்மாளும் தண்டபாணியும் சின்னச்சாமியும் வந்து நின்றார்கள். நான் தலைமுதல் கால்வரை நனைந்து, முதுகால் பாறையை முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இதுவா பீலி?" என்றேன்.

"இதுதாங்க ஐயா பீலி. வேற எதுங்க?" என்றார் அப்பு.

தண்ணீர் விழுகிற இந்த மூக்குக்கு அந்த மலையில் பீலி என்று பெயர். துண்டை எடுத்தேன். தண்ணீர் மறுபடியும் கொட்டியது.

"இதை ஆரு நிறுத்துவாங்க?" என்றேன்.

"நிக்காதுங்க."

"கோடையில?"

"மெலியுமுங்க, நிக்காது. எனக்கு நினைவு தெரிஞ்சு நின்னதில்ல. எங்கப்பனும் இந்த ஊட்டுலதான் சமைச்சாரு, அவருக்குத் தெரிஞ்சும் நின்னதில்லன்னாரு."

நாச்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, கண்ணில் தண்ணீர்.

"நானும் வெள்ளகோவிலுங்கண்ணா" என்றார். "இந்த ஊட்டுக்கு வந்த அன்னிக்கு முந்தானையச் சுருட்டி இதே எடத்துல அடைச்சேனுங்க. ஒரு மாசம் பொழுது எறங்கறப்ப வாழைத்தண்ட வெட்டி அடைச்சுப்போட்டுத்தான் படுப்பேன். காலைல சமையக்கட்டுத் தரையெல்லாம் தண்ணி நிக்கும், எங்க மாமனார் ஒண்ணும் பேசாம எடுத்து வீசிப்போடுவாரு. வீணாப் போகுதேன்னு எனக்கு ஒறக்கம் வராதுங்க. அப்பறம்தான் பழகுச்சு."

"பழகிப்போச்சுங்களா?"

"இப்பவும் முழுசாப் பழகலீங்க."

அப்பு என்னை மேலே அழைத்துப் போனார். வழுக்குப் பாறையில் அந்தக் கிழவர் ஆடு மாதிரி ஏறினார். நானும் ஏறினேன். சின்னச்சாமி இரண்டு தடவை விழுந்தான். வீட்டுக்கு மேலே நூறு அடி இருக்கும், இரண்டு பாறைக்கு நடுவே கண் மாதிரி ஒரு குழி. அடியிலிருந்து மணல் கொதிக்கிற மாதிரித் தண்ணீர் பொங்கியது. அங்கிருந்து கல்லில் வெட்டிய வாய்க்கால் கீழே இறங்கியது. அப்பு தன் அப்பன் சொன்ன கதையைச் சொன்னார்.

முதலில் வந்த துரை இந்த மலையில் மூன்று இடத்தில் குடிசை போட்டாராம். மூன்றையும் விட்டுவிட்டாராம், கோடையில் தண்ணீர் நின்றுபோய். பிறகு ஒரு யானைத் தடத்தைப் பிடித்து நடந்து வந்து இந்த ஊற்றைக் கண்டுபிடித்தாராம். அதற்கப்புறம் வீட்டுக்கு இடம் தேடவில்லை. ஊற்றிலிருந்து ஒரு பானையைக் கவிழ்த்துத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த வழியில் வீட்டைக் கட்டினாராம். வாய்க்கால் பாறைக்குள் வந்து பழைய சமையலறைக் கல்லுக்கு அடியிலேயே ஓடி, பின்சுவர்ப் பீலியில் விழுந்து, தொட்டியிலிருந்து காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கிற ஆலைக்குப் போய், அதற்கும் கீழே போயிற்றாம். கல் ஏன் சில்லென்று இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கியது. நான் வீட்டுக்குள் தண்ணீரைத் தேடினேன். தண்ணீருக்குள் அல்லவா வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்!

"காப்பி போச்சு, துரை போனாரு, அடுத்த துரையும் போனாரு. இது மட்டும் போகலீங்க" என்றார் அப்பு.

கீழே இறங்கி வாய்க்காலின் வால்வரை போய்ப் பார்த்தேன். முடிவைக் காணாமல் விடுகிறவன் இல்லை நான். தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் அது இன்னொரு பீலியாக விழுந்தது. பெண்கள் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். மதியம் மேட்டில் பார்த்த பெண்ணும் அங்கே டின்னோடு நின்றாள். அவள் வீடு பீலிக்கு மேலே இருந்தது, அதனால் சுமக்கிறாள். "மேட்டு வரிசைக்கும் ஒரு குழாய் போட்டுக் குடுத்தா என்ன தம்பி?" என்று தண்டபாணியிடம் கேட்டேன். "தை மாசத்துக்குள்ள போடறேங்க மாமா, குழாய் வந்து கெடக்குதுங்க" என்றான். சும்மா சொல்கிறானா என்று போய்ப் பார்த்தேன். கொட்டகையில் குழாய் கிடந்தது. தட்டியும் பார்த்தேன், நல்ல கனம்.

அன்று சாயங்காலம் பீலிக்கு அடியில் உட்கார்ந்து குளித்தேன். பிறந்ததிலிருந்து எனக்குச் செம்புக் கணக்கில்தான் குளியல். தலையில் விழுகிற தண்ணீர் நிற்கவே இல்லை. குளிரில் பல் தந்தி அடித்தது, ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மூத்தவள் குடம் சுமந்த நாளிலிருந்து நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த கல் ஒன்று கரைந்து இறங்குகிற மாதிரி இருந்தது. சின்னச்சாமி வந்து, "மச்சான், போதுமுங்க, வெறைச்சுச் செத்துப்போவீங்க. அக்கா என்னையக் கொன்னுபோடுவா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கூடத்து அடுப்புக்கு முன்னால் ஈரத் தலையோடு உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் இல்லாத தேத்தண்ணீர் குடித்தேன். நாச்சம்மாளிடம், "என்னைப் பொறுத்தவரை சரிங்க. என்ற ஊட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றேன். எங்கேயும் எதற்கும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அவங்க கேக்கறதுதானுங்க நியாயம்" என்றார் அந்த அம்மாள்.

திருப்பூரில் இறங்கி வீட்டுக்குப் போனபோது ருக்குமணி வாசலில் நின்றாள். சரசு கதவுக்குப் பின்னால். செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"கெணறு?" என்றாள் ருக்குமணி.

"இல்லை."

அவள் முகம் மாறுவதற்குள் நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஊற்று, வாய்க்கால், பீலி, சமையலறைக் கல், எல்லாம். துண்டு வைத்து அடைத்ததை விட்டுவிட்டேன். அதைச் சின்னச்சாமி சொன்னான், கொஞ்சம் கூட்டியே சொன்னான். நாச்சம்மாள் வாழைத்தண்டு வைத்து அடைத்த கதைக்கு வந்தபோது ருக்குமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கயிறு வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"கொடம்?"

"ஊட்டுக்குள்ளயே விழுகுது. எதுக்குக் கொடம்?"

அவள் கை தன்னை அறியாமல் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்த ஊட்டுப் பொம்பளைங்க வெடியக்காலம் எந்திரிச்சு என்னதானுங்க பண்ணுவாங்க?"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"எனக்கென்ன தெரியும்? சரசு போய்ப் பாத்துப்போட்டுக் கடுதாசி போடட்டும்" என்றேன்.

ருக்குமணி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"அப்ப அவளுக்கு நல்ல பேனாவா ஒண்ணு வாங்கிக் குடுங்க."